வேலையை விடாமல் பட்டப்படிப்பு: மருத்துவ, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பகுதிநேரப் படிப்பைப் பாதியில் நிறுத்தும் நர்ஸ்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பெரும்பாலும் பாடம் தடையாக இருப்பதில்லை. டியூட்டி ரோஸ்டர் ஒரு பக்கம் ஓடும், பல்கலைக்கழக அட்டவணை இன்னொரு பக்கம் ஓடும். இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் செமஸ்டரின் ஆறாவது வாரத்தில் இரண்டும் மோதும்போதுதான் சிக்கல் தெரியவரும். அதனால் விண்ணப்பத்தைத் தொடும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஸ்டாஃப் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், முதியோர் இல்லப் பராமரிப்பாளர், குழந்தைகள் நலப் பணியாளர் என எல்லோருக்கும் இது பொருந்தும். யாருக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

படி 1: இந்தப் பட்டம் எதற்கு என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

"மேலே படிக்கணும்" என்பது போதாது. இப்போதைய வேலையிலேயே பதவி உயர்வா, தீவிர சிகிச்சை, முதுமை மருத்துவம், மனநலம் போன்ற ஒரு சிறப்புத் துறைக்கு மாறுவதா, கற்பித்தல் பணிக்கா, நிர்வாகத்துக்கா, அல்லது புதிதாக ஒரு தொழில்முறைப் பதிவு பெறவா? ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு. நிர்வாகத்துக்குப் போக நினைப்பவர் மருத்துவச் சிறப்புப் படிப்பில் சேர்ந்தால் பட்டம் கையில் இருக்கும், வேலை கிடைக்காது.

அடுத்து அங்கீகாரம். இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பட்டத்தை உயர்கல்வி அமைப்பு ஏற்கிறதா? அந்தப் பட்டத்தை வைத்து உங்கள் தொழில்முறை கவுன்சில் பதிவையோ கூடுதல் தகுதியையோ தருமா? முதலாவதற்கு 'ஆம்' என்றால் இரண்டாவதற்கும் 'ஆம்' என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் அதிகம் சேதம் விளைவிக்கும் தவறு. உதாரணமாக, இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைநிலைக் கல்வி விதிகள் நர்சிங், பிசியோதெரபி போன்ற படிப்புகளைத் தொலைநிலை முறையில் நடத்த அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு தொழில்தகுதி வழிகாட்டு விதியின்படி, பொது நர்ஸ் பயிற்சிக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் வேண்டும். அதில் பாதியாவது நேரடி மருத்துவப் பயிற்சியாக இருக்க வேண்டும். பகுதிநேரமாகப் படிக்கலாம், ஆனால் மொத்த மணி நேரம் குறையாது. பதிவுக்கு முந்தைய படிப்புகள் எல்லாவற்றுக்கும் இதைப் பொதுவாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஆண்டுகள் நீளும், பயிற்சி நேரம் சுருங்காது.

கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலைப் பாருங்கள். படிப்பின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் ஆண்டும், 'பகுதிநேரம்' என்ற முறையும் அதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் கிடைக்கும் பதிலை நாளைக்கு எடுத்துக் காட்ட முடியாது.

படி 2: கிரெடிட்டை மணி நேரமாக மாற்றுங்கள்

விளம்பரக் கையேட்டில் "வாரம் ஒரு மாலை மட்டும்" என்று இருக்கும். அது வகுப்பு நேரம். உண்மையான சுமையைக் கிரெடிட் சொல்லும்.

பிரிட்டிஷ் முறையில் 1 கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. ஐரோப்பிய முறையில் 1 கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். முழுநேரமாகப் படித்தால் ஆண்டுக்கு 60 கிரெடிட். இந்தியாவில் இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் 1 கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கணக்கிடுகின்றன. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும். பிரிட்டிஷ் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட், அதாவது 1,800 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிப்பதென்றால் ஆண்டுக்கு 600 மணி. விடுமுறை வாரங்களைக் கழித்து 40 வாரம் வைத்தால் வாரத்துக்கு 15 மணி நேரம்.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. கடந்த 8 வார ரோஸ்டரை எடுங்கள். போர்டில் ஒட்டிய ரோஸ்டர் வேண்டாம், நீங்கள் உண்மையில் செய்த டியூட்டி வேண்டும். ஓவர்டைம், பிறருக்காக மாற்றிக்கொண்ட ஷிஃப்ட், ஹேண்ட்ஓவர் (அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது) முடிந்து தாமதமாகக் கிளம்பியது எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். மிஞ்சிய நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மூளை தெளிவாக இருக்கும் நேரம், சோர்வு இருந்தாலும் லேசான வேலை செய்யக்கூடிய நேரம், எதற்கும் உதவாத நேரம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 12 மணி நேர ஷிஃப்ட், 4 வாரத்தில் 13 டியூட்டி. 28 நாளில் மிச்சம் 15 நாள். நைட் டியூட்டி இரண்டு தொகுப்பாக வருகிறது. ஒவ்வொரு தொகுப்புக்கும் பிறகு ஒரு நாள் தூக்கத்துக்கே போய்விடும். ஆக 13. வீடு, குழந்தைகள், பெற்றோர், ஓய்வு ஆகியவற்றுக்குப் பாதிக்குச் சற்று அதிகமாக விட்டால் படிப்புக்கு 6 நாள். ஒரு நாளில் 4 மணி நேரம்தான் உருப்படியாகப் படிக்க முடியும். ஆக 24 மணி. இதோடு மதிய ஷிஃப்ட்டுக்கு முன்போ வேறு இடைவெளியிலோ ஒரு மணி நேர அமர்வுகள் ஆறு. மொத்தம் 4 வாரத்துக்கு 30 மணி, அதாவது வாரத்துக்கு 7.5 மணி நேரம்.

20 கிரெடிட் மாட்யூலுக்கு (படிப்பின் ஒரு தனிப் பாடப்பகுதிக்கு) 200 மணி வேண்டும். அது 12 வாரத்தில் முடிக்கும் மாட்யூல் என்றால் உங்களிடம் இருப்பது 90 மணி. 110 மணி பற்றாக்குறை. அதில் சேரவே கூடாது. 24 வாரத்துக்குப் பரவியிருந்தால் 180 மணி கிடைக்கும், 20 மணிதான் குறை. ஐந்து நாள் படிப்பு விடுப்பு கிடைத்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால், எந்தப் படிப்பில் சேரலாம், மேலதிகாரியிடம் எத்தனை நாள் கேட்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

வீடு வீடாகச் செல்லும் சமூகப் பணியாளர்களுக்கு ரோஸ்டர் இருக்காது, கேஸ் எண்ணிக்கைதான் இருக்கும். நாள் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் நாட்காட்டியில் படிப்பு நேரத்தை ஒரு 'விசிட்' போலவே பதிவு செய்து, குழுவில் உள்ளவர்களுக்கும் அது தெரியும்படி வைக்க வேண்டும். 'கேஸ் முடிந்ததும் படிக்கலாம்' என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது.

படி 3: சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவை

தரவரிசையைவிட கீழே உள்ள பதில்கள்தாம் உங்கள் மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கும். மின்னஞ்சலில் கேளுங்கள்.

- வகுப்பு வாரம் ஒரு நாளா, அல்லது மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு மூன்று நாளா? சுழலும் ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் எளிது. ஒவ்வொரு செவ்வாயும் ஆஃப் வாங்குவதைவிட, மாதத்தில் மூன்று நாளை முன்கூட்டியே வாங்குவது சுலபம்.
- வகுப்புத் தேதிகள் எத்தனை வாரம் முன்பு வெளிவரும்? உங்கள் ரோஸ்டர் 6 வாரம் முன்பே முடிவாகிறது, அட்டவணை 2 வாரம் முன்புதான் வரும் என்றால் ஒவ்வொரு செமஸ்டரும் போராட்டம்தான்.
- குறைந்தபட்ச வருகை எவ்வளவு? பதிவு செய்த வகுப்பைப் பார்ப்பது வருகையாகக் கணக்கில் வருமா?
- அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்? இடைநிறுத்தம் எத்தனை முறை, எவ்வளவு காலம்? இடைநிறுத்திய காலம் அந்த ஆண்டுக் கணக்கில் சேருமா?
- முழுப் படிப்பில் சேராமல் முதலில் ஒரு மாட்யூல் மட்டும் படிக்கலாமா? பின்னால் சேர்ந்தால் அந்தக் கிரெடிட் செல்லுமா?
- நடுவில் நிறுத்தினால் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்குமா?
- மறுமுறை எழுதினால் மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு உண்டா?

ஒற்றை மாட்யூல் வாய்ப்பு இருந்தால் தயங்காமல் அதையே முதலில் எடுங்கள். பள்ளிப் படிப்போடு நிறுத்தி நேராக வேலைக்கு வந்தவர்களுக்கும், கடைசித் தேர்வு எழுதிப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

முன்பு கற்றதற்கும் பணி அனுபவத்துக்கும் கிரெடிட் தரும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இதற்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களை அடுக்கி அனுப்பினால் திரும்பி வந்துவிடும். மாட்யூலின் கற்றல் இலக்குகள் ஒவ்வொன்றையும் இடது பக்கம் எழுதி, அதற்கு நேராக நீங்கள் செய்த வேலை, அதற்கான ஆதாரம், அதிலிருந்து கற்றது என்று நிரப்ப வேண்டும். 'பத்து ஆண்டு அனுபவம்' என்பதற்குக் கிரெடிட் கிடையாது. அந்தப் பத்து ஆண்டில் கற்றதை நிரூபிப்பதற்குத்தான் கிரெடிட். எவ்வளவு வரை தருவார்கள், எத்தனை ஆண்டு பழைய கற்றலை ஏற்பார்கள் என்பதற்கு வரம்பு இருக்கும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: வேலையிடத்துடன் எழுத்தில் ஒப்பந்தம்

"படிங்க சிஸ்டர், பார்த்துக்கலாம்" என்று சொன்ன இன்-சார்ஜ் ஆறு மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விடலாம். புதிதாக வருபவருக்கு அந்த வாக்குறுதி தெரியாது, அவர் மீது தவறும் இல்லை. அதனால் ஒரு பக்கத்துக் கடிதம் எழுதி, பதிலும் எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுப் பயிற்சி நிதி ஒதுக்கப்படுவதற்கு முன்பே கேளுங்கள். ஒதுக்கிய பிறகு கேட்டால் விருப்பம் இருந்தாலும் பணம் இருக்காது.

கடிதத்தில் முதல் பத்தி உங்களைப் பற்றியதாக இருக்க வேண்டாம். இந்தப் படிப்பால் வார்டுக்கோ சேவைக்கோ என்ன கிடைக்கும் என்று தொடங்குங்கள்: 'இரண்டாம் மாட்யூலின் அசைன்மென்டாக நம் பிரிவில் கீழே விழும் நோயாளிகளைப் பற்றிய தணிக்கை செய்து தருகிறேன்' என்பதுபோல. அதன்பின் தேவைகள்: வகுப்பு நாட்களின் பட்டியல், படி 2இல் வந்த எண்ணிக்கையில் படிப்பு விடுப்பு, வகுப்புக்கு முந்தைய இரவு நைட் டியூட்டி வேண்டாம் என்ற கோரிக்கை, நேரடிப் பயிற்சி உள்ள படிப்பென்றால் மேற்பார்வையாளராக இருக்கப்போகிறவரின் பெயரும் அவருக்கு ஒதுக்கப்படும் நேரமும். முந்தைய இரவுக் கோரிக்கையைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். வகுப்பு நாளில் 'ஆஃப்' என்று இருக்கும், காலை எட்டு மணிக்கு நைட் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

நிறுவனம் கட்டணம் செலுத்தினால், அதற்காக உங்களிடம் கையெழுத்து வாங்கும் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். படித்து முடித்தபின் எத்தனை மாதம் இங்கே வேலை செய்ய வேண்டும்? நடுவில் விலகினால் முழுத் தொகையா, மாதத்துக்கு மாதம் குறையும் தொகையா? தேர்வில் தோற்றால், மகப்பேறு விடுப்பு எடுத்தால், நிறுவனமே உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் என்ன ஆகும்? முழுத் தொகை என்று இருந்தால், காலத்துக்கு ஏற்பக் குறையும் முறைக்கு மாற்றிக் கேளுங்கள். நியாயமான கோரிக்கைதான், கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம்.

ஆள் பற்றாக்குறை வந்தால் படிப்பு விடுப்புதான் முதலில் ரத்தாகும். அதைத் தடுக்க முடியாமல் போகலாம், ஆனால் 'ரத்தானால் நான்கு வாரத்துக்குள் மாற்று நாள்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம்.

படி 5: முதல் நான்கு வாரம்

பாடம் சூடுபிடிக்கும் முன் கருவிகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குள் வீட்டிலிருந்து நுழைய முடிகிறதா என்று பாருங்கள். ஜோட்டெரோ போன்ற இலவச மேற்கோள் மென்பொருளை நிறுவுங்கள். இதை மூன்றாவது அசைன்மென்டில் தொடங்குபவர்கள் முதல் இரண்டிலும் பல மணி நேரத்தை நூற்பட்டியலில் தொலைத்திருப்பார்கள். படிப்பு ஏபிஏ மேற்கோள் முறையைக் கேட்கிறதா, ஹார்வர்டா, வான்கூவரா என்று பார்த்து மென்பொருளில் ஒரே தடவை அமைத்துவிடுங்கள்.

நூலகரிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். தேடல் கற்றுக்கொள்ள அதைவிடக் குறுக்குவழி இல்லை. தேட வேண்டிய ஆய்வுக் கட்டுரைத் தளங்கள்: மருத்துவத்துக்கு பப்மெட், காக்ரேன் நூலகம்; நர்சிங்கிற்கும் துணை மருத்துவத்துக்கும் சினால்; மனநலம், சமூகப் பராமரிப்புக்கு சைக்இன்ஃபோ போன்றவை.

கேள்வியை உடைக்க 1995 முதல் புழக்கத்தில் உள்ள 'பிகோ' சட்டகம் போதும்: யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவு. 'படுக்கைப் புண்ணைத் தடுப்பது எப்படி?' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் கொட்டும். 'படுக்கையிலேயே இருக்கும் முதியோரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதோடு ஒப்பிட்டால், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும்போது அழுத்தப் புண் வருவது மாறுகிறதா?' என்று கேட்டால் படிக்கக்கூடிய எண்ணிக்கையில் வந்து நிற்கும். அனுபவங்களையும் கருத்துகளையும் ஆராயும் சமூகப் பராமரிப்புக் கேள்விகளுக்கு பிகோ சரியாகப் பொருந்தாது. அதற்கு 2012இல் வந்த 'ஸ்பைடர்' சட்டகம் பொருத்தம். தேடிய தேதி, தளம், பயன்படுத்திய சொற்கள், கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் குறித்துவிடுங்கள். பின்னால் நினைவிலிருந்து எழுத முடியாது.

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்காதீர்கள். சுருக்கம், பிறகு நேராக ஆய்வுமுறை, முதல் அட்டவணை, முடிவுகள், குறைபாடுகள் என்ற வரிசையில் போங்கள். ஆய்வின் தரத்தை எடைபோட உதவும் 'காஸ்ப்' சரிபார்ப்புப் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வின் வகைக்கு ஏற்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள்.

புள்ளியியலைக் கண்டு பயப்படுபவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு சிகிச்சையால் தொற்று 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தால், 'பாதியாகக் குறைந்தது' என்பதும் உண்மை, '100 பேரில் 2 பேருக்குத்தான் பயன்' என்பதும் உண்மை. அதாவது ஒருவருக்குத் தொற்றைத் தடுக்க 50 பேருக்குச் சிகிச்சை தர வேண்டும். கட்டுரை எந்த எண்ணைத் தலைப்பில் போட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்தாலே விமர்சன வாசிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

படி 6: வாரத்தை ரோஸ்டரோடு கோத்துக்கொள்ளுங்கள்

'தினமும் ஒரு மணி நேரம்' என்ற அறிவுரை ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை செய்பவர்களுக்கு. சுழலும் ஷிஃப்ட்டில் அது மூன்றாம் நாளே உடையும். ரோஸ்டர் வந்த அன்றே அமர்ந்து, அந்த நான்கு வாரத்துக்கான படிப்பு அமர்வுகளைக் குறியுங்கள். வாரத்துக்கு வாரம் அளவு மாறட்டும், நான்கு வாரக் கூட்டுத்தொகை மாறாமல் இருந்தால் போதும்.

தெளிவான நேரத்தில் எழுதுவதும் கடினமான வாசிப்பும். சோர்ந்த நேரத்தில் மேற்கோள்களைச் சரிபார்ப்பது, கட்டுரைகளைத் தரவிறக்குவது, பக்க வடிவமைப்பு. நைட் டியூட்டி இடைவேளையில் கோட்பாட்டு வாசிப்பை வைக்காதீர்கள். படித்தது தங்காது, அந்த இடைவேளை உடம்புக்குத் தேவைப்படுவது. நைட் முடிந்த நாளில் படிப்பும் வேண்டாம், வகுப்புக்காக நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதும் வேண்டாம். தூக்கம் கலந்த கண்ணோடு வண்டி ஓட்டுவதன் ஆபத்தை இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் வருகைப் பதிவுக்காகப் பலர் அதைச் செய்கிறார்கள்.

ஒவ்வொரு அமர்வையும் ஹேண்ட்ஓவர் போல முடியுங்கள்: என்ன முடிந்தது, அடுத்து எந்தப் பக்கத்திலிருந்து எதைச் செய்ய வேண்டும் என்று இரண்டு வரி. ஐந்து நாள் கழித்து உட்காரும்போது 'எங்கே விட்டோம்' என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகாது.

படி 7: அசைன்மென்ட்

அனுபவம் மிக்கவர்களே முதல் அசைன்மென்டில் மதிப்பெண் இழக்கிறார்கள். கேஸ் ஷீட்டிலும் நர்ஸ் நோட்ஸிலும் நாம் பழகிய எழுத்து வேறு: பார்த்ததை, செய்ததை, நேரத்தோடு எழுது, உன் கருத்தைக் கலக்காதே. பல்கலைக்கழகம் கேட்பது அந்தக் கருத்தைத்தான், ஆதாரத்தோடு.

பழகிய எழுத்து இப்படி வரும்: 'நோயாளியின் வலி மதிப்பெண் 7 இருந்தது. மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது. மருந்து கொடுக்கப்பட்டது.' அதே நிகழ்வு அசைன்மென்டில்: 'மறதி நோய் உள்ளவரிடம் எண் அளவுகோலைப் பயன்படுத்தியது பொருத்தமா என்ற கேள்வி எழுகிறது. எண்ணைச் சொல்லும் திறன் குறைந்தவர்களின் வலி இம்முறையில் குறைவாகப் பதிவாகக்கூடும். முகபாவம், உடல் அசைவு ஆகியவற்றைக் கவனிக்கும் அளவுகோலை இங்கே தேர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர் அந்த ஷிஃப்ட்டில் இருக்க வேண்டும்.' இதில் முடிவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, அந்த முடிவின் எல்லையும் இருக்கிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் மேற்கோளைச் சேர்த்துவிட்டால் மதிப்பெண் வரும்.

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் கட்டுரைகளுக்கு 1988இல் வெளியான கிப்ஸ் சுழற்சியை (அனுபவத்தைக் கட்டம் கட்டமாக அலசும் முறை) அதிகம் கேட்பார்கள். அதில் முதல் கட்டம் 'என்ன நடந்தது'. 1,500 வார்த்தையில் 700ஐ அதற்கே செலவழித்துவிட்டு, பகுப்பாய்வுக்கு இடமில்லாமல் தவிப்பதுதான் வழக்கமான சறுக்கல். நடந்ததற்கு 250 வார்த்தைக்கு மேல் தராதீர்கள்.

3,000 வார்த்தை அசைன்மென்டுக்குச் சுமார் 50 மணி நேரம் ஒதுக்குங்கள்: கேள்வியையும் மதிப்பீட்டு அளவுகோலையும் பிரித்துப் பார்க்க 2, தேடலுக்கு 6, வாசிப்புக்கு 13, கட்டுரையின் சட்டகத்துக்கு 4, முதல் வரைவுக்கு 12, திருத்தத்துக்கு 10, மேற்கோள் சரிபார்ப்புக்கு 3. வரைவுக்கும் திருத்தத்துக்கும் நடுவில் நான்கைந்து நாள் இடைவெளி தானாகவே ரோஸ்டரில் கிடைக்கும், அது நல்லதுதான். கெடு நாளைப் பார்க்காமல், அதற்கு முன்னால் உங்களுக்கு வரும் கடைசி ஆஃப் நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து சமர்ப்பிக்கத் திட்டமிடாதீர்கள். பாதுகாப்பு மென்பொருள் கோப்பை அனுப்ப விடாமல் தடுத்துவிடலாம்.

ரகசியம் காப்பது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். மருத்துவமனை, வார்டு, தேதி, அரிதான நோய், வயது ஆகியவை சேர்ந்தாலே அந்தப் பகுதியில் உள்ளவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். குழந்தைகள் நல வழக்குகளில் குடும்ப அமைப்பே அடையாளம் காட்டிவிடும். பின்னிணைப்பாக வைக்கும் படிவத்தின் மூலையில் நிறுவன முத்திரை இருந்தாலும் மீறல்தான். பல படிப்புகளில் இதற்கு, மற்ற பக்கங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நேரடித் தோல்வி. நோயாளி விவரத்தை வாட்ஸ்அப் படிப்புக் குழுவிலோ ஏஐ செயலியிலோ போடுவது படிப்பைத் தாண்டி வேலையையே பாதிக்கும். எழுத்துத் திருட்டும் அப்படித்தான்: மற்ற மாணவர்களுக்கு அது பல்கலைக்கழகத்தோடு முடிகிற விஷயம், பதிவு பெற்ற தொழில்முறையாளரின் நேர்மைக் குறைவை கவுன்சிலும் விசாரிக்கலாம். ஏஐ பயன்பாட்டு விதி மாட்யூலுக்கு மாட்யூல் மாறுவதால் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

படி 8: பின்தங்கினால்

இரண்டு வாரத்தில் திட்டமிட்ட அமர்வில் பாதிக்கு மேல் நடக்கவில்லை என்றால் அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். கால நீட்டிப்பு கேட்பதற்கு கெடுவுக்கு முந்தைய நாளும் கெடுவுக்கு மறுநாளும் ஒன்றல்ல. கெடு தாண்டிவிட்டால் பல இடங்களில் அது வேறு குழுவுக்கு, வேறு விதிக்குள் போய்விடும்.

'வேலை அதிகமாக இருந்தது' என்ற காரணத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், வேலை செய்துகொண்டே படிக்கிறீர்கள் என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரியும். திட்டத்தில் இல்லாத மாற்றத்தைக் காட்டுங்கள்: திடீரென வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், நோய்த்தொற்றுப் பரவலால் விடுப்பு ரத்தானது, சக ஊழியர் இல்லாததால் இத்தனை கூடுதல் ஷிஃப்ட். தேதிகளோடு மேலதிகாரியின் கடிதம் வேண்டும்.

நிலைமை ஒரு மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் நீட்டிப்பு உதவாது. அது இந்த மாட்யூலின் சுமையை அடுத்த மாட்யூலின் தலையில் வைக்கும். ஒரு மாட்யூலைத் தள்ளிவையுங்கள், அல்லது ஆறு மாதமோ ஓராண்டோ இடைநிறுத்துங்கள். தோல்வி பதிவாவதற்கு முன்பு இடைநிறுத்தினால் முடித்த கிரெடிட் பத்திரமாக இருக்கும். பேசாமல் காணாமல் போவதுதான் எல்லா வழிகளையும் அடைக்கும்.

படி 9: ஆய்வேடு

வேலை செய்பவர்கள் இங்கேதான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். சொந்த வார்டு நோயாளிகளிடம் தகவல் திரட்டலாம் என்ற ஆசை இயல்பு. ஆனால் நெறிமுறைக் குழு அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகலாம், பல்கலைக்கழகம், மருத்துவமனை என இரண்டு குழுக்களும் இருக்கலாம். மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்காக 1964இல் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் ஒன்றை வலியுறுத்துகிறது: தன்னைச் சார்ந்திருப்பவரிடம் ஆய்வாளரே சம்மதம் கேட்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நீங்கள் ஊசி போடும் நோயாளியும், நீங்கள் ரோஸ்டர் போடும் ஜூனியரும் உங்களிடம் 'மாட்டேன்' என்று சொல்வது கடினம். ஆகவே அழைப்பும் சம்மதமும் வேறொருவர் வழியாகப் போக வேண்டும்.

நேர்காணல் வழி ஆய்வென்றால் எழுத்தாக்கத்தை மறந்து கணக்குப் போடாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பத்துப் பேர் என்றால் அதுவே 40 முதல் 60 மணி. மென்பொருள் எழுதித் தந்தாலும் கேட்டுச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. பதிவுகளை போனில் வைத்திருக்கக் கூடாது; பல்கலைக்கழகம் தரும் பாதுகாப்பான சேமிப்பிடத்துக்கு அன்றே மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுங்கள்.

ரோஸ்டர் கணிக்க முடியாதது என்றால், எங்கள் பரிந்துரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் ஆய்வேடு. யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். நைட் முடித்துத் தூங்கி எழுந்த மாலையிலும் தொடரலாம். இவ்வகை ஆய்வேட்டில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் 'பிரிஸ்மா 2020' பட்டியலின் 27 அம்சங்களையும் முதல் நாளிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வேலையிடத் தரவுதான் வேண்டும் என்றால் தணிக்கையாகவோ சேவை மதிப்பீடாகவோ செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள தரநிலையோடு நம் பணியை ஒப்பிடுவது தணிக்கை. புதிய பொது அறிவைத் தேடுவது ஆராய்ச்சி. முன்னதற்கு அனுமதி முறை பொதுவாக எளிது, ஆனால் அனுமதியே தேவையில்லை என்று அர்த்தமல்ல. இது எந்த வகை என்பதை நீங்களே முடிவு செய்யாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தலைப்பை முதல் ஆண்டிலேயே யோசித்து, முந்தைய மாட்யூல் அசைன்மென்டுகளை அதே பகுதியில் எழுதினால் ஆய்வேடு வரும்போது வாசிப்பில் பெரும்பகுதி முடிந்திருக்கும். எழுதியதையே திரும்பப் போடக்கூடாது, அது சுயதிருட்டு. வாசித்த அறிவைப் பயன்படுத்தத் தடையில்லை.

படி 10: முடித்த மாதத்தில்

பட்டம் வந்ததும் கவுன்சில் பதிவில் கூடுதல் தகுதியைச் சேர்க்க விண்ணப்பியுங்கள். அது தானாக நடக்காது. எச்.ஆர். கோப்பில் நகலைச் சேர்த்து, கையெழுத்தோடு ஒப்புகை வாங்குங்கள். பதிவைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வி மணி நேரத்துக்கு இந்தப் படிப்பில் எவ்வளவு கணக்கில் வரும் என்று பாருங்கள்.

பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும் முன் நான்கைத் தரவிறக்குங்கள்: மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு மாட்யூலின் பாடத்திட்ட விவரம், பயிற்சி மணி நேரப் பதிவு, திருத்திய அசைன்மென்டுகளும் அவற்றுக்கான கருத்துகளும். வேறு நாட்டில் பதிவுக்கோ அடுத்த படிப்பில் கிரெடிட் விலக்குக்கோ விண்ணப்பிக்கும்போது நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைக் கேட்பார்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் பழையதைத் தேடி எடுத்துத் தர அலுவலகத்தில் வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேலையிடத்துக்குத் தொடர்பில்லாத சொந்த மின்னஞ்சலிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் வையுங்கள்.